எடைமேடைச் சுவரில் என் அக்கா

சும்மா கொடுக்கிறேன் என்று யாராவது வந்தால் நான் அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன், கால் எங்கே நிற்கிறது என்றுதான் பார்ப்பேன். எடைமேடை நடத்துகிறவனுக்கு அது தொழில் கற்றுக்கொடுத்த பாடம். லாரிக்காரர்கள் பின்சக்கரத்தை மேடைக்கு வெளியே நாலு விரல் தள்ளி நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்துக் கொட்டாவி விடுவார்கள். காலி வண்டியை எடை போடும்போது கேபினுக்குள் இரண்டு பேரைப் படுக்கவைத்திருப்பார்கள். அதே வண்டி மணலோடு திரும்பும்போது அந்த இரண்டு பேரும் டீக்கடையில் நின்றுகொண்டிருப்பார்கள். இருபது வருடத்தில் நான் பிடிக்காத தில்லுமுல்லு இல்லை. அதனால் ஊரில் எனக்குச் 'சல்லடை' என்று பேர். எதிரே கடை வைத்திருக்கும் சலூன்காரர் வைத்தது. கேலிக்குத்தான் வைத்தார், ஆனாலும் எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

சின்ன ஊர்களில் பொது இடங்களில் ஓவியம் வரைய, சிலை வைக்கப் பணம் கொடுக்கும் ஓர் அறக்கட்டளை எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்று தலைமையாசிரியை கூட்டம் போட்டுச் சொன்னார். பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்திருந்த அறுபது பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இவன் ஏதாவது சொல்லுவான் என்ற நம்பிக்கை.

எனக்கு முன்னால் சலூன்காரர் முந்திக்கொண்டார். "சாக்கடைக்கு மூடி போடக் காசில்ல. சுவத்துக்குப் பவுடர் பூச மட்டும் எங்கிருந்து வருது டீச்சர்?"

"அது வேற காசுங்க. சாக்கடைக்குன்னு கேட்டா அவங்க கொடுக்க மாட்டாங்க. படத்துக்குன்னு கேட்டாத்தான் கொடுப்பாங்க."

"அதுல அவங்களுக்கு என்ன லாபம்?" என்று நான் கேட்டேன்.

"வர்றவங்க போறவங்க பாத்துச் சந்தோஷப்படணும் தம்பி. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று முடியும் பேச்சை நான் நம்புவதே இல்லை. அதுவும் படம் வரையத் தோதான சுவர் என்று அவர்கள் குறித்து வைத்திருந்தது என் சுவர் என்றபோது, நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டேன். எடைமேடைக்குப் பின்னால் இருக்கிற கிடங்கின் வெளிச்சுவர் அது. தொண்ணூறு அடி நீளம். மூன்று சாலைகளும் சேருமிடத்தில் நிற்பதால் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் கண்ணில் படாமல் போகாது. அந்தச் சுவர், கிடங்கு, மேடை, பின்னால் நாங்கள் குடியிருக்கும் வீடு எல்லாம் ஒரே இடம். என் அப்பா சம்பாதித்தது.

ஒரு வாரத்தில் ஓவியக்காரி வந்து இறங்கினாள். முப்பது வயதிருக்கும். வந்ததும் வராததுமாக டேப்பை எடுத்து என் சுவரை அளக்க ஆரம்பித்தாள். நீளம், உயரம், தரையிலிருந்து மழைநீர்க் குழாய் வரை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். படம் வரைகிறவளுக்குக் குழாய் எதற்கு? தோளில் ஒரு துணிப்பை. அதில் ஒரு ஜவுளிக்கடையின் பேர் அச்சடித்திருந்தது, கீழே கடை இருக்கும் நகரத்தின் பேர். அதை இரண்டு தடவை படித்தேன். என் அக்கா இருபத்தாறு வருடமாக அந்த நகரத்தில்தான் இருக்கிறாள்.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வயதில், அப்பாவுக்குப் பிடிக்காத ஒருவரைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போனவள். அப்போது எனக்குப் பதினாறு. அன்று சாயங்காலமே அப்பா மேடையில் நின்று நாலு பேர் கேட்கச் சத்தம் போட்டுச் சொன்னார், "எனக்கு இனிமே ஒரே பிள்ளைதான், அவ செத்துட்டா" என்று. அப்பா பதினொரு வருடத்துக்கு முன் உயில் எதுவும் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். அம்மா எங்கள் சின்ன வயதிலேயே போய்விட்டதால், சட்டப்படி இந்த இடத்தில் பாதி அக்காவுக்கு. அப்பா இறந்த செய்தியை நான் அவளுக்குப் பத்து நாள் கழித்துத்தான் எழுதினேன். உடனே வந்தால் உடனே கேட்பாளோ என்று பயம். அவள் வரவில்லை. கடிதம் போட்டாள். அப்பாவைப் பற்றி இரண்டு வரி, என் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு வரி. இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதன் பிறகு வருடத்துக்கு ஒன்றாகக் கடிதம் வந்துகொண்டிருந்தது. ஒன்றிலும் பங்கைப் பற்றிய பேச்சு கிடையாது. ஒவ்வொன்றையும் நாலு தடவை படிப்பேன். எதையும் கேட்காத ஒருத்தி மனதில் எவ்வளவு பெரிய கணக்கு வைத்திருப்பாள் என்று நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

ஓவியக்காரி மூன்றாம் நாள், மேடையோரம் நான் உட்கார்ந்து எடை பார்க்கும் கூண்டுக்குள் வந்து எதிரே உட்கார்ந்தாள். டீக்கடைப் பையனை டீ கொண்டுவரச் சொன்னேன். தன் டீக்குத் தானே காசு கொடுத்துவிட்டாள். ஓசியில் குடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு சந்தேகம் வந்திருக்காது.

"இந்த முக்குல வாழ்ந்தவங்க, வாழறவங்க எல்லாரையும் சுவத்துல கொண்டுவரலாம்னு இருக்கேன் சார். அதான் வீடு வீடாப் போய்க் கேட்டுக்கிட்டு இருக்கேன். இந்த இடம் உங்க அப்பாவோடதா?"

"ஆமா."

"உங்ககூடப் பிறந்தவங்க?"

வந்துவிட்டது என்று நினைத்தேன். அளந்தாயிற்று, குழாய் முதற்கொண்டு குறித்தாயிற்று, இப்போது வாரிசுக்கு வந்துவிட்டாள். இவளை அனுப்பியது அக்காதான், சந்தேகமே இல்லை. ஒரு பெண்ணை வேவு பார்க்க அனுப்பும் அளவுக்கு அக்கா தேறிவிட்டாள் என்று ஆத்திரம் பொங்கியது. அந்த ஆத்திரத்தில் எப்படி அந்த வார்த்தை வந்ததென்று இன்றுவரை தெரியவில்லை.

"ஒரு அக்கா இருந்தா. இறந்துட்டா. ரெண்டு வருஷம் ஆச்சு."

அக்கா அனுப்பிய ஆளாக இருந்தால் இந்த இடத்தில் முகம் மாற வேண்டும். கண் கொட்டாமல் பார்த்தேன். மாறத்தான் செய்தது. ஆனால் நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. அவள் நோட்டை மூடிவிட்டு, "மன்னிச்சுக்குங்க சார், தெரியாமக் கேட்டுட்டேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓவியக்காரி சொல்லிக் கேள்விப்பட்டு, மறுநாள் காலை தலைமையாசிரியை வீட்டுக்கே வந்துவிட்டார். அவரும் அக்காவும் பள்ளியில் ஒரே பெஞ்சு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அழ ஆரம்பித்தவர், நாற்காலியில் உட்கார்ந்தும் நிறுத்தவில்லை.

"ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே தம்பி. என்னதான் கோபம்னாலும் எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"என்னத்தச் சொல்றது டீச்சர்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். இவர் போய் ஓவியக்காரியிடம் சொல்லுவார், அவள் அக்காவிடம் சொல்லுவாள் என்று வாயைக் கட்டிக்கொண்டேன். அவர் போன பிறகு என் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

"இனிமே உங்க அக்கா கடுதாசி வந்தா வாங்கட்டுமா, திருப்பி அனுப்பட்டுமா? செத்தவங்க கடுதாசி போட்டா தபால்காரர் பயந்துடுவாரு" என்றாள். அதோடு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த வாரம் அறக்கட்டளையிலிருந்து ஒரு படிவம் வந்தது. சுவரின் உரிமையாளர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், பத்து வருடத்துக்குச் சுவரை இடிக்கவோ மறைக்கவோ கூடாது என்று போட்டிருந்தது. நான் அந்தப் படிவத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கூடப் பார்த்தேன். 'உரிமையாளர்கள்' என்ற இடத்தில் என் பேரை மட்டும் எழுதி, பக்கத்தில் 'ஒரே வாரிசு' என்று சேர்த்தேன். எழுதி முடித்ததும் ஒரு யோசனை வந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. இப்படி ஒரு காகிதம் சீல் வைத்து ஓர் அலுவலகத்தில் இருப்பது நாளைக்கு எனக்கு உதவும் என்று நினைத்தேன். அவர்கள் என் சுவரை எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்று சந்தேகப்பட்டுக்கொண்டே அவர்களை வைத்து நான் அக்காவின் பாதியை எடுத்துக்கொள்ளப் பார்த்தேன்.

ஓவியக்காரி அக்காவின் போட்டோ கேட்டாள். கொடுக்காவிட்டால் என் மேல் சந்தேகம் வரும் என்று, பெட்டியின் அடியிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தேன். பதினெட்டு வயதில் மேடையின் இரும்புத் தகட்டின் மேல் இடுப்பில் கைவைத்து நிற்கிற போட்டோ.

நாற்பது நாள் வேலை நடந்தது. சாரம் கட்டி, கித்தான் தொங்கவிட்டு, உள்ளே நின்று வரைந்தாள். லாரிகள் எழுப்பும் தூசியில் இருமிக்கொண்டே வரைந்தாள். ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு நாள் கித்தானுக்குள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். சலூன்காரர் தன் மூக்கு பெரிதாக இருக்கிறது என்று மூன்று தடவை சண்டை போட்டார். சந்தேகப்பட்டவர்கள் எல்லாம் ஒவ்வொருவராக, தன் முகம் சரியாக வந்திருக்கிறதா என்ற கவலைக்கு மாறிவிட்டார்கள். நான் மட்டும் மாறவில்லை.

ஒரு நாள் நானும் உள்ளே போனேன். சுவர் நடுவில், மற்ற எல்லோரையும்விட உயரமாக, அக்கா நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் கை. என்னைப் பார்த்து, ஏண்டா லேட்டு என்று கேட்கிற அதே முகம். இவளுக்கா நான் பயப்படுகிறேன் என்று ஒரு கணம் தோன்றியது, அதையும் உடனே சந்தேகப்பட்டேன். அப்புறம்தான் கவனித்தேன். சலூன்காரர், தலைமையாசிரியை, நான் எல்லோருக்கும் காலடியில் நீளமாக நிழல் விழுந்திருந்தது. அக்காவுக்கு இல்லை. சைக்கிள்கடைக் கிழவருக்கு இல்லை. அப்பாவுக்கு இல்லை.

"இதென்னம்மா, விட்டுப்போச்சா?"

"இல்ல சார். இப்ப நம்மகூட இல்லாதவங்களுக்கு நிழல் போட மாட்டேன். எல்லா ஊர்லயும் அப்படித்தான் பண்றது. ஓரத்துல ஒரு பலகைல எழுதியும் வச்சிருவேன்."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஏதோ அடித்துக்கொண்டது. ஆனால் படிவம் போய்விட்டது. 'ஒரே வாரிசு' என்று என் கையெழுத்திலேயே போய்விட்டது. "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

திறப்பு நாளுக்கு முந்தைய வாரம், அக்கா இருக்கும் நகரத்துச் செய்தித்தாளில் சுவரின் படம் வந்தது. சலூன்காரர் தன் மூக்கைச் சுற்றி வட்டம் போட்டு, கத்தரித்துக் கண்ணாடியில் ஒட்டிவைத்தார். படத்துக்குக் கீழே ஊரின் பேரும் திறப்பு விழாத் தேதியும் மட்டும் இருந்தன. அக்கா செய்தித்தாள் படிக்கிற பழக்கம் உள்ளவளா என்று யோசித்து யோசித்து நான் அந்த வாரம் இரண்டு லாரிகளுக்குத் தப்பாக எடை போட்டேன்.

அவள் வந்தாள். பதினோரு மணி பஸ்ஸில், கையில் ஒரு சின்னப் பை. நான் கூண்டுக்குள் இருந்தேன். சுவருக்கு முன்னால் நாற்காலி போட்டு ஊரே உட்கார்ந்திருந்தது. அறக்கட்டளை அதிகாரி நடுவில், ஓவியக்காரி பக்கத்தில். அக்கா யாரையும் பார்க்கவில்லை. தலை நரைத்திருந்தது, நடை மாறவில்லை. நேராகப் போய்த் தன் படத்துக்கு முன்னால் நின்றாள். அப்புறம் சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக நடந்தாள். அடி எண்ணுகிறாள் என்று நினைத்தேன். இருபத்தாறு வருடம் கழித்து வந்திருக்கிற கூடப்பிறந்தவளைப் பார்த்து எனக்கு அதுதான் தோன்றியது. அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டபோதுதான் அழுதுகொண்டே நடக்கிறாள் என்று தெரிந்தது.

கோடியில் அந்தப் பலகை இருந்தது. நின்று படித்தாள். திரும்பி வந்து தன் படத்தின் காலடியைப் பார்த்தாள். பக்கத்தில் மற்றவர்களின் காலடியைப் பார்த்தாள். மறுபடியும் போய்ப் பலகையைப் படித்தாள்.

அதற்குள் தலைமையாசிரியை அவளைப் பார்த்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழ எழுந்தவர், "ஐயோ" என்று ஒரு சத்தம் போட்டார். சலூன்காரர்தான் எழுந்து, "சல்லடை, யாருப்பா இது?" என்று கூண்டைப் பார்த்துக் கத்தினார். ஊர் மொத்தமும் என் பக்கம் திரும்பியது.

அக்கா யாருக்கும் பதில் சொல்லாமல் நடந்து வந்து மேடையின் தகட்டின் மேல் ஏறி நின்றாள். கூண்டு ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள்.

"எடை போடுடா. செத்தவ எவ்வளவு இருக்கேன்னு பாப்போம்."

எங்கள் மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். எடை காட்டும் பெட்டியில் சிவப்பு எழுத்தில் அறுபது என்று வந்தது.

"அறுபது" என்றேன்.

"இருக்கேன்ல?" என்றாள்.

அறக்கட்டளை அதிகாரி கையில் கோப்போடு வந்துவிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் விதி விதிதான் என்கிற ரகம். "கூடப்பிறந்தவங்க உயிரோட இருக்காங்கன்னா அவங்க சம்மதம் இல்லாம இந்தச் சுவத்துல நாங்க எதையும் வச்சிருக்க முடியாதுங்க. வெள்ளையடிச்சாகணும். கொடுத்த பணத்தையும் ஊர் திருப்பிக் கட்டணும்" என்றார். ஓவியக்காரி கிடங்கு வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய நாற்பது நாள் அது. அறுபது முகமும் அக்காவைப் பார்த்தது. ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை.

அக்கா படிவத்தைக் கைநீட்டி வாங்கினாள். 'ஒரே வாரிசு' என்ற இடத்தில் கொஞ்ச நேரம் கண்ணை வைத்திருந்தாள். "எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் இருங்க. எந்தம்பிகிட்டப் பேசணும்" என்று சொல்லிவிட்டுக் கூண்டுக்குள் வந்து, அந்தக் காலத்தில் அப்பா உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அப்பா அன்னைக்கு இதே வார்த்தையச் சொன்னாரு. கோபத்துல சொன்னாரு. நீ எந்தக் கோபத்துலடா சொன்ன?"

நான் யோசித்தேன். அவள் மேல் எனக்கு என்றாவது கோபம் இருந்ததா? சின்ன வயதில் என் சட்டைக்குப் பித்தான் தைத்தவள். என்மேல் ஒரு அடி விழ விட்டதில்லை.

"கோபம் இல்லக்கா. பாதியக் கேட்டுருவியோன்னு பயம்."

"நான் கேட்டேனா?"

"இல்ல."

"இத்தனை கடுதாசில ஒண்ணுலயாவது?"

"ஒண்ணுலயும் கேக்கல. அதனாலதான் ரொம்பப் பயமா இருந்துச்சு."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. "சரி, கேட்டிருந்தா கொடுத்திருப்பியா?"

கொடுத்திருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருடமாக மற்றவர்களை நான் பார்க்கிற மாதிரி.

"மாட்டேன்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். மேஜையிலிருந்த என் பேனாவை எடுத்து, என் கையெழுத்துக்குக் கீழே தன் பேரை நிதானமாக எழுதி, 'ஒரே வாரிசு' என்பதை ஒரு கோடு போட்டு அடித்தாள்.

"படத்துக்கு என் சம்மதம். அது ஊருக்கு, அந்தப் பொண்ணுக்கு. இடத்துல பாதி எனக்கு வேணும். இன்னைக்குக் காலைல பஸ் ஏறும்போதுகூட அந்த நெனப்பு இல்லடா. என் தம்பி என்னைச் சுவத்துல வரைய வச்சிருக்கான்னு தெருவுல போறவங்க கிட்டல்லாம் பேப்பரைக் காட்டிட்டு வந்தேன்."

எழுந்து வெளியே போனாள். ஓவியக்காரி ஓடி வந்து, "அக்கா, உங்க நிழல இப்பவே போட்டுடறேன், அரை மணி நேரம் போதும்" என்றாள், கையில் தூரிகையோடு.

"வேணாம்மா. பங்கு பிரிச்சுக் கையில வந்ததும் சொல்லி அனுப்பறேன். அப்ப வந்து போடு. அதுவரைக்கும் அவன் பாத்துக்கிட்டே இருக்கட்டும்."

தலைமையாசிரியை அவளைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு அழைத்துப் போனார். என் மனைவியும் அவர்கள் பின்னாலேயே போய்விட்டாள். நான் கூண்டில் தனியாக உட்கார்ந்து, அக்கா சொன்னதை முதலிலிருந்து கடைசிவரை நாலு தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். வேறு எதையாவது மறைத்து வைத்துப் பேசினாளா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. வாயால் சொன்னது மட்டும்தான் அவள் மனதிலும் இருந்தது.